அந்தப் பையில் எப்போதும் இடம் இருக்குமாம்!

கேள்வி: வயது 41. வீடு காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். எங்கே போனாலும் ஒரே ஒரு தோள்பை, அதுவும் ஐந்து கிலோவுக்குள் என்பது என் கொள்கை. போன மே மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். கடலில் குளித்த பிறகு என் தேங்காய்ப்பூ துண்டு மறுநாள் கிளம்பும்வரை காயவில்லை. என் பை நனைந்துவிடுமே என்று அதை வீட்டுக்காரி பையில் வைத்தேன் (அவள் பையில் எப்போதும் இடம் இருக்கும்). சின்னவளின் உடுப்பெல்லாம் ஈர வாடை அடித்து, ஊர் திரும்பும்வரை சண்டை. அரையாண்டு விடுமுறையில் அம்மா, மனைவி, எட்டு வயது மகன், மூன்று வயது மகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போகிறேன். பஸ்தான். மைக்ரோஃபைபர் துண்டு வாங்கலாமா? என்ன அளவு? ஐந்து பேருக்கு இரண்டு போதுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, மைக்ரோஃபைபர் வாங்கலாம். அளவு, எண்ணிக்கை எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்னால், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, "அவள் பையில் எப்போதும் இடம் இருக்கும்" என்று, அதைப் பேசிவிடலாம். துண்டுக்கு என்ன அவசரம், அரையாண்டுப் பரீட்சையே இன்னும் வரவில்லை.

அந்தப் பையில் ஏன் எப்போதும் இடம் இருக்கிறது? பெரிய பையாக இருப்பதால். ஏன் பெரிய பை? மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு மூன்று செட் உடுப்பு வேண்டும். பையனுக்கு இரண்டு. உங்கள் அம்மாவின் மாத்திரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க், பஸ்ஸில் யாராவது வாந்தி எடுத்தால் துடைக்க ஒரு பழைய துணி, எலுமிச்சம்பழம், பிஸ்கட், சீப்பு, தேங்காய் எண்ணெய். இதில் ஒன்றுகூட உங்கள் ஐந்து கிலோவுக்குள் இருக்காது என்று நான் பந்தயம் கட்டுகிறேன். உங்கள் சோப்பாவது உங்கள் பையில் இருக்கிறதா? கல்யாண வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு வந்து முதல் பந்தியில் உட்காருகிற மாமாவைப் போல இருக்கிறது உங்கள் கொள்கை.

தனியாகப் போகும்போது ஐந்து கிலோ உங்கள் சாமர்த்தியம், ஒப்புக்கொள்கிறேன். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போதும் அதே ஐந்து கிலோ என்றால், மிச்சத்தை யாரோ தூக்குகிறார்கள். அந்த யாரோவின் இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கிறது. சேலத்தில் ஒருமுறை, மதுரையில் ஒருமுறை பஸ் மாறப்போகிறீர்கள். இரண்டு இடத்திலும் கூட்டத்தில் ஏறி சீட் பிடிப்பது நீங்களாக இருக்கும். கீழே நின்று குழந்தையையும் பையையும் மாமியாரையும் ஒருசேர ஏற்றுவது அவராக இருக்கும். இல்லை என்றால் மறுத்து எழுதுங்கள், அப்படியே பிரசுரிக்கிறேன்.

இன்னொன்று. "என் பை நனைந்துவிடுமே" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பையில் என்ன இருந்தது? இரண்டு சட்டை, ஒரு சார்ஜர், ஒரு பவர் பேங்க்? அது நனையக் கூடாது. குழந்தையின் ஜட்டியும் கவுனும் நனையலாம். இதை யோசித்துச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கவே இல்லை என்பதுதான் என் புகார். அது அவர் பை, அவர் பை என்றால் வீட்டுப் பை, வீட்டுப் பையில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று கை தானாகவே போயிருக்கிறது. "பரவாயில்லை, தெரியாமல் நடந்ததுதானே" என்று நான் ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால், தபால் செலவு வீண்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருவர் சத்தம் வராத மிக்சி எது என்று கேட்பார். விசாரித்தால், மனைவி காலை ஐந்து மணிக்குச் சட்னி அரைக்கும் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதாம். இன்னொருவருக்கு இஸ்திரி போடவே வேண்டாத சட்டை வேண்டும். இத்தனை நாள் இஸ்திரி போட்டவர் யார் என்பதைக் கடிதத்தின் கடைசி வரிவரை சொல்ல மாட்டார். பொருளை மாற்றினால் சண்டை தீர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. உங்களுக்குத் துண்டு.

என் கட்சி பழைய கட்சி, மறைக்கவில்லை. வயதான தாயும் கைக்குழந்தையும் கூட வரும்போது கனமான பை ஆண்பிள்ளையின் தோளில்தான் இருக்க வேண்டும். யார் எதைத் தூக்குவது என்று வீட்டுக்கு வீடு பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். பேசி முடிவு செய்தால் எனக்கும் சம்மதம்தான். உங்கள் வீட்டில் பேசியதாகத் தெரியவில்லையே! எப்படிப் பேசினாலும் ஒன்று மாறக் கூடாது: துண்டை நனைத்தவர்தான் அதைத் தூக்க வேண்டும், அவர்தான் காயப்போட வேண்டும்.

சரி, துண்டுக்கு வருவோம்.

துண்டுகளின் சீட்டில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று அர்த்தம். நீங்கள் கொண்டுபோன தேங்காய்ப்பூ துண்டு 75-க்கு 150 சென்டிமீட்டர், 500 ஜிஎஸ்எம் என்று வைத்துக்கொண்டால், காய்ந்திருக்கும்போதே அரைக் கிலோவைத் தாண்டும். நனைத்துக் கையால் பிழிந்தால் ஒரு கிலோ பக்கம் வந்துவிடும். ஐந்து கிலோக் கொள்கைக்காரர் இதை எப்படி எடுத்தார் என்று எனக்குப் புரியவில்லை. 60-க்கு 120 அளவில் 200 ஜிஎஸ்எம் மைக்ரோஃபைபர் எடுத்தால் 150 கிராமுக்குள் முடிந்துவிடும்.

பருத்தி நார் நீரைத் தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும், விடுவதற்கு மனமே வராது. மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் நைலானும் கலந்த மிக மெல்லிய இழை. நீர் பெரும்பாலும் இழைகளுக்கு இடையில்தான் நிற்கும், முறுக்கினால் பெரும்பகுதி கொட்டிவிடும். சீக்கிரம் காய்வதற்கு அதுவே காரணம். ஆனால் காய வைப்பது காற்றுதான், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. மே மாதமே திருச்செந்தூரில் காயாமல் போனதற்கு உங்கள் துண்டின் கனம் பாதிக் காரணம், கடல் உப்பு மீதிக் காரணம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலில் நனைந்த துண்டை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசாமல் காயப்போட்டால் எந்தத் துண்டும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். டிசம்பரில் ராமேஸ்வரத்தில் பருவமழைக் காற்று வேறு. அலசி, நன்றாக முறுக்கி, அறையில் ஃபேனுக்குக் கீழே விரித்துப் போடுங்கள். இரண்டாக மடித்துக் கதவில் தொங்கவிட்டால் காயாது.

மைக்ரோஃபைபரில் இரண்டு ரகம் உண்டு. பூப்போலச் சுருள் வைத்தது ஒன்று, வழவழவென்று தட்டையாக இருப்பது ஒன்று. கடற்கரைக்குத் தட்டை ரகம் எடுங்கள், காய்ந்ததும் ஓர் உதறில் மணல் போய்விடும். அழுத்தித் தேய்த்துத் துடைத்தால் சரிப்படாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டுத் துவைத்தால் இழை மேல் படலம் படிந்து நீர் உறிஞ்சுவது குறைந்துவிடும். சூடான இஸ்திரிப் பெட்டி வைத்தால் இழை உருகும். எண்ணெய் பட்டாலும் அதற்கு ஆகாது. ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய துண்டு ஒன்றை எடுத்துப் போங்கள். பாலியஸ்டரில் ஏறிய எண்ணெய் வாடை லேசில் விடாது.

என்னைக் கேட்டால் ஈரிழைத் துண்டே போதும் என்பேன். மெல்லிசு, எடை குறைவு, தேங்காய்ப்பூ துண்டு காய்வதற்குள் இது இரண்டு முறை காயும். இடுப்பில் கட்டலாம், தோளில் போடலாம், பஸ் ஜன்னலில் வெயிலுக்கு மறைக்கலாம், குழந்தையைப் படுக்கவைக்க சீட்டில் விரிக்கலாம். உங்கள் மைக்ரோஃபைபர் இதில் பாதியைச் செய்யாது. உடம்போடு ஒட்டிக்கொண்டு வழுக்கும். தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ, எந்த ஜவுளிக் கடையிலும் ஈரிழை கிடைக்கும். ஒரே நிபந்தனை, புதுத் துண்டை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். கஞ்சி போகும்வரை தண்ணீரை இழுக்காது. இப்போதே வாங்கி மூன்று நான்கு முறை துவைத்து வையுங்கள். யார் துவைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் இரண்டு துண்டுக் கணக்கு. ராமேஸ்வரத்தில் முதலில் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல், அப்புறம் அந்த ஈரத்தோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியில் இறைத்துத் தலையோடு ஊற்றுவார்கள். முடிக்கும்போது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சொட்டச் சொட்ட நிற்பீர்கள். ஈரம் மாற்றிக்கொண்டுதான் சாமி பார்க்கப் போக வேண்டும். இரண்டு துண்டை யார் யாருக்குக் கொடுப்பீர்கள்? முதலில் குழந்தைகள், நியாயம். அப்புறம் நீங்கள் ஒன்றை வாங்கித் தலை துவட்டுவீர்கள். உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் மிஞ்சுவது மூன்று பேர் துடைத்த ஈரத்துணி. ஐந்து பேருக்கு ஐந்து துண்டு. சிக்கனமும் இல்லை, ஆரோக்கியமும் இல்லை இந்தப் பங்கு போடுவதில். படர்தாமரை ஒருவருக்கு இருந்தால் பொதுத் துண்டு மூலம் வீடு முழுக்கச் சுற்றி வரும். மூன்று வயதுக் குழந்தைக்கு மைக்ரோஃபைபர் வேண்டாம், மெத்தென்ற சின்னப் பருத்தித் துண்டு கொடுங்கள். பையனுக்கு நீங்கள் ஆசைப்படுகிற மைக்ரோஃபைபரையே வாங்குங்கள், அவனுக்கும் புதுசு என்று சந்தோஷம். அதை அலசி முறுக்கிக் காயப்போட இந்தப் பயணத்திலேயே அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். எட்டு வயது அதற்குப் போதும். இப்போது விட்டால் 41 வயதில் அவனும் எனக்குக் கடிதம் எழுதுவான்.

நீங்கள் யோசிக்காத ஒரு சுமை இருக்கிறது. தீர்த்தம் முடிந்ததும் இரண்டு ஈரப் புடவை, உங்கள் வேட்டி, குழந்தைகளின் ஈர உடுப்பு எல்லாம் சேரும். பருத்திப் புடவை நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள். அதன் முன்னால் துண்டு எம்மாத்திரம்! வீட்டுப் பரணில் ஒயர் கூடை கிடக்கும், அதை இறக்கித் துடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிய ஈரத்துணிதான் நாறும். ஒயர் கூடையில் தண்ணீரும் வடியும், காற்றும் போகும். அந்தக் கூடை போகும்போதும் வரும்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். மாத்திரை டப்பாவும் பிளாஸ்கும் உங்கள் தோள்பைக்கு மாறட்டும். பவர் பேங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் அம்மாவுக்கு எந்தத் துண்டு என்று நீங்களாக முடிவு செய்து வாங்கிவிடாதீர்கள், கேளுங்கள். பெரும்பாலும் புதுசு எதுவும் வேண்டாம், நைந்த நூல் புடவையைக் கிழித்து வைத்திருக்கிறேன், அதுதான் உடம்புக்கு இதம் என்பார். அவர் சொல்வது சரி. நைந்த நூல்துணி நன்றாக உறிஞ்சும், சீக்கிரமும் காயும், எடை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதை மடித்து உங்கள் பையில் வையுங்கள்.