வாசலில் கைப்பட்டி கட்ட விடாத மகனுக்கு

கேளிக்கைப் பூங்கா வாசலில் கட்டும் காகிதக் கைப்பட்டியை மகன் கட்ட விடுவதில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியைக் கணுக்காலில், காலுறைக்கு மேலே கட்டலாமா என்று போவதற்கு முதல் நாளே பூங்காவுக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளை என்பதையும் சொல்லுங்கள். வாசலில் அவன் அழுதுகொண்டிருக்கும்போது கேட்டால் யாருக்கும் நிதானம் இருக்காது.

இரண்டு முறையும் பட்டியைக் கண்டதும் விழுந்து அழுதான், திரும்பி வந்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அடம் இல்லை. இப்படிப் பல பிள்ளைகளுக்கு அழுத்தமான தொடுகையைவிட மெல்லிய உரசல்தான் தாங்க முடியாதது. காகிதப் பட்டியின் ஓரம் ஓயாமல் உரசும். அதோடு முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று கையைப் பிடிக்கிறார்.

இரண்டில் எது காரணம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். பழைய ஃபைல் அட்டையில் ஒரு பட்டி வெட்டி, நீங்களே கட்டிவிடுங்கள். பத்து நிமிடம் வைத்திருந்தால் சிக்கல் அந்நியக் கைதான். வாசலில் "நானே கட்டுகிறேன்" என்று கேட்டு வாங்குங்கள். உடனே கிழித்தால் பட்டிதான் காரணம். நீளக் கைச் சட்டையின் மேல் கட்டிப் பாருங்கள்.

அப்புறம், வரிசையும் வாசலும் அவனுக்குப் பழக, வார நாள் காலையில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போங்கள். வரிசை, டிக்கட், வாசல், யானை, அரை மணி நேரம். அவ்வளவு போதும்.

ஒன்று கவனம்: நீர்ச்சறுக்குகளில் காலில் கட்ட விடாமல் இருக்கலாம். பூங்கா சரி என்று சொல்லும்வரை மகனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.