பதில்: 25 மீட்டர் குளத்துல பொண்ணுக்கு டைம் ஏன் குறையல?

டைம் டர்ன்லதான் (சுவத்தத் தொட்டுத் திரும்புறது) போகுது, நீச்சல்ல இல்ல. 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு (தவளை மாதிரி நீந்துறது) 25 மீட்டர் குளத்துல மூணு டர்ன், 50 மீட்டர்ல ஒண்ணே ஒண்ணு, சுவத்த உதைச்சு வர்ற வேகத்துலதான் சின்னக் குளத்துல டைம் குறையும், ரெண்டுலயும் ஒரே 1:38 நிமிஷம் வருதுன்னு நீங்க எழுதுனதுலயே விடை இருக்கு. 2014 தோஹால சின்னக் குளத்துல ஜமைக்கா வீராங்கனை அலியா அட்கின்சன் 1:02.36, ஆனா பெரிய குளத்துல 2017ல அமெரிக்காவோட லில்லி கிங் போட்ட உலக சாதனையே 1:04.13தான்.

புள்ள தேவகோட்டை பக்கம் கண்மாயில பழகுச்சுன்னு சொல்றீங்களே அண்ணே, அதான் காரணமா இருக்கும். நாங்களும் அப்படித்தான் (ஊருணியில இறங்குனா திட்டு விழும்), கண்மாயில உதைக்க ஏது சுவரு, வெறும் சேறு.

இத செஞ்சு பாருங்க. சுவத்த உதைச்சு, கைய ஒரே இழுப்பா தொடை வரைக்கும் இழுத்து, ஒரு டால்ஃபின் கிக் (ரெண்டு காலையும் சேத்து மீன் வால் மாதிரி அடிக்கிறது), ஒரு பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக் (தவளை உதை), அதோட மேல வரட்டும். தலை வெளிய வர்ற இடத்துக்கு நேரா கரையில ஒரு செருப்ப வைங்க. சுவத்துலேர்ந்து 5 மீட்டர்லயே வந்துட்டா பெரும்பாலும் உதைச்ச உடனே கைய இழுத்துருதுன்னு அர்த்தம், அம்பு மாதிரி நீட்டிக்கிட்டு கொஞ்சம் போகவிட்டுத்தான் இழுக்கணும்.

ஒண்ணு, டால்ஃபின் கிக் ரெண்டு போட்டாலோ சுவத்த ஒத்தக் கையால தொட்டாலோ டிஸ்குவாலிஃபை. மூச்சடக்குற பயிற்சிக்கு மட்டும் தனியா தண்ணியில விட்றாதீங்க.