பிரீமியம் பெட்ரோலுக்காக 50 கிலோமீட்டர் போய்வரலாமா?

கேள்வி: என்னிடம் 1970களில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது. பிரீமியம் பெட்ரோல் சாதாரணப் பெட்ரோலைவிட 15 சதவீதம் விலை கூடுதல். அதுவும் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பங்கில்தான் கிடைக்கிறது. சாதாரணப் பெட்ரோலுக்கு மாறிவிடலாமா, இல்லை காரையே விற்றுவிடலாமா?

பதில்: விற்கும் பேச்சை ஒத்திவைத்துவிட்டு, நீங்கள் தந்த எண்களையே பார்ப்போம். ஆண்டுக்கு 400 லிட்டர். 15 சதவீதக் கூடுதல் விலை என்பது 60 லிட்டர் சாதாரணப் பெட்ரோலின் விலைக்குச் சமம். காப்பீடு, தேயாவிட்டாலும் வயதாகிவிட்டதால் மாற்ற வேண்டிய டயர்கள் ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் இது சின்னத் தொகை.

நீங்கள் கணக்கில் எடுக்காதது பயணத்தை. ஒருமுறைக்கு 40 லிட்டர் நிரப்பினால் ஆண்டுக்குப் பத்து முறை போக வேண்டும். போய்வர 50 கிலோமீட்டர், 5 லிட்டர். ஆக, உங்கள் 400 லிட்டரில் 50 லிட்டர் பங்குக்குப் போய்வருவதிலேயே எரிகிறது. விலை வித்தியாசத்துக்கு ஏறக்குறைய நிகரான செலவு இது. அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போகும்போது மட்டும் நிரப்பினால் இது மிச்சம். இதற்காக வீட்டில் கேன்களில் சேர்த்துவைக்காதீர்கள். தீ அபாயம் ஒருபுறம், சில மாதங்களில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்ப் பெட்ரோல் பழசாகிவிடுவது மறுபுறம்.

அடுத்து, உங்கள் எஞ்சினுக்குப் பிரீமியம் தேவையா என்பது. ஆக்டேன் எண் சக்தியின் அளவு அல்ல. அழுத்தத்தில் பெட்ரோல் தானாகப் பற்றி ‘நாக்கிங்’ வராமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. எஞ்சின் கேட்பதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு எண்ணும் வீண் செலவு. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பிரீமியம்தான் என்பதும் இல்லை. 1973ஆம் ஆண்டின் போர்ஷே கரேரா ஆர்எஸ் 2.7, 8.5 அமுக்க விகிதத்தோடு (எஞ்சின் பெட்ரோல்-காற்றுக் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது; இது கூடினால் ஆக்டேனும் கூட வேண்டும்) சாதாரணப் பெட்ரோலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. 1960களின் கார்வெட் எல்88, 12.5 விகிதத்தோடு 103 ஆக்டேன் கேட்டது. உங்கள் கையேட்டைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள எண் எந்த அளவுமுறையில் என்பதையும் கவனியுங்கள்: ஆராய்ச்சி ஆக்டேன் (RON) முறையில் 95 என்பது அமெரிக்கப் பங்குகளில் ஒட்டியிருக்கும் 91க்கு நெருக்கமானது.

கையேடு உயர்ந்த எண்ணைக் கேட்டால் குறைத்து ஊற்றாதீர்கள். இன்றைய கார்களில் நாக்கிங்கை உணர்ந்து இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, தள்ளிவைக்கும் சென்சார் உண்டு. உங்கள் காரில் அது இருக்காது. தொடர்ந்த நாக்கிங் பிஸ்டனைத் துளைத்துவிடும். அந்த ஒரு பழுதுக்கு ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்குப் பிரீமியமே ஊற்றலாம். கேட்பது 95, அருகில் கிடைப்பது 91, தூரத்தில் 99 என்றால் பாதிக்குப் பாதி கலக்கலாம். எண் ஏறக்குறைய சராசரியாகவே வரும். ஆக்டேன் கூட்டும் புட்டிகளில் மட்டும் ஏமாற வேண்டாம். புட்டியில் ‘5 பாயிண்ட்’ கூடும் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அரை ஆக்டேன்தான்.

பிரீமியத்துக்குப் பணம் கொடுக்க ஆக்டேனைவிட நல்ல காரணம் சில இடங்களில் எத்தனால். சாதாரண வகையில் 10 சதவீதம் எத்தனால் இருந்து பிரீமியத்தில் குறைவாக இருந்தால் அதையே வாங்குங்கள். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், ஈரத்தை இழுக்கும், மைலேஜையும் மூன்று நான்கு சதவீதம் குறைக்கும். இரண்டிலும் ஒரே அளவு என்றால் எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றிவிடுங்கள், ஒருமுறைச் செலவு.

முன்பு பெட்ரோலில் கலந்த ஈயம், வால்வு வந்து மூடும் விளிம்பான வால்வு இருக்கையைத் தேயாமல் காத்தது; அந்த இடத்தைப் பிரீமியம் நிரப்பாது. கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை 2021இல் உலகம் முழுவதும் முடிந்துபோனது. கடின வால்வு இருக்கைகள் இல்லாத எஞ்சினில் நீண்டநேர அதிவேக ஓட்டத்தில் தேய்மானம் வரும். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டருக்காக இப்போதே எஞ்சினைப் பிரிப்பது வீண். வேறு வேலைக்குப் பிரிக்கும்போது கடின இருக்கைகளாக மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு மாதாமாதம் சிறிது ஒதுக்கிவையுங்கள்.

அந்தப் பங்கே மூடப்பட்டால்? அப்போதும் விற்பதற்கு முன் மெக்கானிக்கிடம் போங்கள். டைமிங்கைச் சில டிகிரி தள்ளிவைத்தால் பல எஞ்சின்கள், கொஞ்சம் சக்தியை விட்டுக்கொடுத்து, ஒரு படி குறைந்த பெட்ரோலில் ஓடும்.