ஒருவருக்கு நான்கு பதிவுகள்

கேள்வி: எங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் (வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள்) தரவுத்தளத்தில் ஒரே வாடிக்கையாளருக்கு நான்கு கான்டாக்ட் (தொடர்பு விவர) பதிவுகள் உள்ளன. ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) மூலம் அவற்றை ஒன்றாக்க முடியுமா?

பதில்: முடியும். சேல்ஸ்ஃபோர்ஸ் வழங்கும் ஏபிஐகளில் ஒன்றான சோப் ஏபிஐயில் இதற்கென்றே ‘மெர்ஜ்’ என்னும் அழைப்பு உள்ளது. ஓர் இணைப்புக் கோரிக்கையில் முதன்மைப் பதிவுடன் (இறுதியில் எஞ்சும் பதிவு) அதிகபட்சம் இரண்டு பதிவுகளையே சேர்க்கலாம் என்பதால், உங்களுக்கு இரண்டு கோரிக்கைகள் தேவைப்படும்.

எந்தப் பதிவு முதன்மையானது என்பதை அவசரமின்றி முடிவு செய்யுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். முதன்மைப் பதிவில் தொலைபேசி எண் காலியாக இருந்து, நீக்கப்படவுள்ள பதிவில் அது சரியாக இருந்தாலும், அந்த எண் தானாக வந்து சேராது. கோரிக்கையிலுள்ள முதன்மைப் பதிவில் அதை நீங்களே எழுதி அனுப்ப வேண்டும்.

இணைப்பு முடிந்ததும், மற்ற கான்டாக்ட் பதிவுகளோடு தொடர்புடைய துணைப் பதிவுகள் முதன்மைப் பதிவின்கீழ் மாற்றப்படும், அந்த கான்டாக்ட் பதிவுகள் நீக்கப்படும். நீக்கப்பட்டவற்றை மீட்டெடுக்க முடிந்தாலும், இடம் மாறிய துணைப் பதிவுகள் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஆகவே, முன்கூட்டியே அனைத்தையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லிங் போன்ற வெளி மென்பொருள்கள் பழைய அடையாள எண்ணையே வைத்திருந்தால், நீக்கப்பட்ட பதிவின் ‘மாஸ்டர்ரெக்கார்ட்ஐடி’ புலத்தைப் படித்துப் புதிய எண்ணை அறியலாம்.