அழுகின மீனா, உப்புல ஊறின மீனா? (வாசகி கடிதமும் பதிலும்)

கடிதம்:

அண்ணே வணக்கம். போன மாசம் பழைய ரோமாபுரி பத்தி நீங்க எழுதினதுல, அங்க உப்புக்கு பதிலா மீன்ல இறக்கின ஒரு சாஸ் ஊத்தி சமைப்பாங்கன்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு தாண்டி போயிட்டீங்க. அத ஆபீஸ்ல சாப்பிடுறப்ப சொன்னேன், உடனே ஒருத்தங்க "சீ, அழுகின மீன் தண்ணியா"ன்னு மூக்க பொத்திக்கிட்டாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா நாங்க பாம்பன் பக்கம், சென்னைல வீடு பாக்குறப்ப ரெண்டு எடத்துல "கருவாடு வறுக்கக் கூடாது"ன்னு சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிச்சாங்க. எங்க ஆச்சி உப்புக்கண்டம் போடுற சால்ல அடில தேங்குற தண்ணிய கீழ ஊத்த மாட்டாங்க, வடிகட்டி வச்சு புளிக்குழம்புல ரெண்டு கரண்டி விடுவாங்க. அதுவும் அழுகினது தானா? அந்த ரோம் சாஸ் நெஜமாவே அழுக வச்சது தானா, அது நம்ம பக்கம் வந்துச்சா, இப்ப எங்கயாவது கிடைக்குமா, கொஞ்சம் விரிவா எழுதுங்கண்ணே.

பதில்:

வணக்கம் தங்கச்சி. ஒரு வரில தாண்டினது தப்பு தான், ஏன்னா இது ஒரு ஓரத்துல இருந்த ஊறுகாய் விஷயம் இல்ல, ஒரு பெரிய சாம்ராஜ்யத்தோட அடுப்படி முழுக்க இருந்த சாமான். லத்தீன்ல அதுக்கு 'காரும்'னு பேரு (நம்ம காரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, கிரேக்கர்கள் 'காரோஸ்'னு சொன்னத ரோமர்கள் எடுத்துக்கிட்டாங்க, கி.மு. 5ஆம் நூற்றாண்டு கிரேக்க நாடகங்கள்லயே அந்த பேச்சு வந்துடுது). இன்னொரு பேரு 'லிக்வாமென்'. அபிசியஸ்ங்கிற பேர்ல ஒரு ரோமானிய சமையல் தொகுப்பு நமக்கு கிடைச்சிருக்கு, அதுல பெரும்பாலான குறிப்புல உப்பு போடுன்னே இருக்காது, லிக்வாமென் ஊத்துன்னு தான் இருக்கும், கறிக்கும் அது தான், காய்க்கும் அது தான், சில இனிப்பு வகைக்குள்ள கூட அது போகுது.

இப்ப முக்கியமான கேள்விக்கு வரேன், அழுகினதா?

இல்ல. மத்தி மீன வாங்கி வந்து கழுவாம ரொம்ப நேரம் வெயில்ல போட்டுட்டா வயிறு தானா பிரிஞ்சு போகும், கடக்கரைல வளந்த உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அது ஏன்னா மீன் குடல்ல தான் தின்னத ஜீரணிக்கிறதுக்கான என்சைம் இருக்கு, மீன் செத்தாலும் அந்த என்சைம் வேலைய நிறுத்தாது, தின்னது தீந்து போச்சுன்னா தன் சதையவே ஜீரணிக்க ஆரம்பிக்கும். அதே நேரத்துல வெளியிலருந்து பாக்டீரியா வேற புகுந்து மீன கெடுக்கும். இந்த ரெண்டாவது வேலைக்கு தான் அழுகல்னு பேரு. நல்லா தாராளமா உப்பு போட்டா என்ன ஆகும்னா, அழுக வைக்கிற பாக்டீரியா நின்னு போகும், ஆனா குடல்ல இருக்க என்சைம் மட்டும் மெதுவா வேலை பாத்துக்கிட்டே இருக்கும், வெயில் சூட்டுல இன்னும் நல்லா பாக்கும். மாசக்கணக்குல சதை கரைஞ்சு கரைஞ்சு தண்ணியா இறங்கும், புரதம் எல்லாம் உடைஞ்சு அமினோ அமிலமா ஆகும், அதுல ஒண்ணு குளூட்டமேட். 1908ல ஜப்பான்ல இகெடா கிகுனே கடல்பாசி தண்ணிலருந்து அந்த ருசிய தனியா பிரிச்சு எடுத்து உமாமின்னு பேர் வச்சாரு, அது தான் அப்பறம் அஜினமோட்டோவா கடைக்கு வந்துச்சு. அதாவது ரோம்ல ஒரு அடிமை சமையல்காரர் குழம்புல ஊத்தினதும், இன்னைக்கு ஃப்ரைட் ரைஸ் கடைல தூவுறதும் நாக்குல போய் தட்டுறது ஒரே கதவ தான்.

நம்ம கருவாட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் எங்கன்னா, நாம குடல எடுத்துட்டு உப்பு தடவி காய வைக்கிறோம் (நெத்திலி மாதிரி பொடி மீனுக்கு மட்டும் எடுக்கிறதில்ல), அவங்க குடல வேணும்னே உள்ள விட்டாங்க. பத்தாம் நூற்றாண்டுல பைசாண்டியத்துல (கிழக்கு ரோமப் பேரரசு) தொகுத்த ஒரு விவசாய நூல்ல செய்முறையே இருக்கு. மீன் குடலையும் பொடி மீனையும் பாத்திரத்துல போட்டு உப்பு போட்டு வெயில்ல வச்சு அடிக்கடி கிளறி விடணும், நல்லா ஊறினதும் நெருக்கமா பின்னின ஒரு நீளக் கூடைய பாத்திரத்துக்குள்ள இறக்கணும், கூடைக்குள்ள ஊறி வர்ற தெளிவு தான் லிக்வாமென், வெளிய தங்குற மண்டிக்கு அலெக். ரொம்ப உசத்தி வேணும்னா சூரை மீனோட குடல், செவுள், ரத்தம் மட்டும் எடுத்து உப்பு போட்டு அதிகபட்சம் ரெண்டு மாசம். எண்ணெய்க்கு கசடு இருக்க மாதிரி இதுக்கும் மண்டி, அதையும் தூக்கி போடல, ஏழைங்க ரொட்டிக்கு தொட்டுக்கிட்டாங்க.

அழுகல்ங்கிற பேச்சு எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா, அது ரோமர்களே சொன்னது தான். முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுறாரு, மத்தபடி வீசி எறியுற குடல உப்புல ஊற வச்சு எடுக்குறது, அழுகுறதோட நீர்னு. ஆனா அதே பக்கத்துல அவரே சொல்றாரு, ஸ்பெயின்ல கார்த்தஜீனா பக்கம் கானாங்கெளுத்தி மாதிரி மீன்ல செஞ்ச உசத்தி சரக்கு கிட்டத்தட்ட ரெண்டு கோங்கியஸ், அதாவது நம்ம கணக்குக்கு ஆறரை லிட்டர், 1000 செஸ்டர்ஸ் (ரோமானிய காசு) வித்துச்சாம், வாசனை தைலத்த தவிர வேற எந்த நீர்ச்சரக்கும் அந்த விலைக்கு பக்கத்துல வரலன்னு. அந்த காலத்துல ஒரு ரோமானிய காலாட்படை வீரனோட ஒரு வருஷ சம்பளம் 900 செஸ்டர்ஸ்! தத்துவஞானி செனெகா ஒரு கடிதத்துல அதே சரக்க கெட்ட மீனோட விலை ஒசந்த ரத்தம், வயித்த எரிக்கும்னு திட்டுறாரு. அவரு பொறந்த ஊரு கோர்டோபா, அந்த சாஸ கப்பல் கப்பலா ஏத்தி அனுப்பின அதே தெற்கு ஸ்பெயின். எனக்கு இத படிக்கிறப்ப உங்க ஆபீஸ் சாப்பாட்டு மேஜை தான் ஞாபகம் வந்துச்சு. தின்னுக்கிட்டே மூக்க பொத்துறது அப்பவே ஆரம்பிச்சாச்சு.

ஆனா இத பணக்காரங்க பண்டம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. கி.பி. 301ல டயோக்ளீஷியன் பேரரசர் போட்ட விலை உச்சவரம்பு ஆணைல ஒரு செக்ஸ்டாரியஸ் (அரை லிட்டருக்கு கொஞ்சம் மேல) முதல் தர லிக்வாமெனுக்கு 16 டெனாரி (இதுவும் ரோமானிய காசு), ரெண்டாம் தரத்துக்கு 12. அதே அளவு முதல் தர ஆலிவ் எண்ணெய் 40. அதாவது அன்றாடம் வாங்குற சாமான் தான். இங்கிலாந்தோட வடக்குப் பகுதில இருக்க விண்டோலாண்டா ரோமானிய கோட்டைல மண்ணுக்குள்ளருந்து கிடைச்ச மரத்தகடுகள்ல ஒரு மளிகைக் கணக்கு இருக்கு, பார்லி, பீர், ஒயின், காடி, பன்றிக் கொழுப்பு, அதோட 'மூரியா'. அந்த கடைசி வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரேன்.

செஞ்ச எடங்கள் இன்னைக்கும் நிக்குது. ஸ்பெயின்ல தரிஃபா பக்கம் பேலோ க்ளாடியா, போர்ச்சுகல்ல ட்ரோயா, மொராக்கோல லிக்சஸ், எல்லாம் கடக்கரையோரமா கல்லுல கட்டி சுண்ணாம்பு பூசின தொட்டி வரிசையா. இத்தாலில பாம்பேய்ங்கிற ஊர்ல அவுலஸ் உம்ப்ரிகியஸ் ஸ்காரஸ்னு ஒரு வியாபாரி, இந்த சாஸ வித்தே பெரிய ஆளானவரு, தன் வீட்டு முற்றத்துத் தரைல நாலு மூலைலயும் சாஸ் ஜாடி படத்த சின்ன சின்ன கல்லு பதிச்சு போட்டு, ஒண்ணுல 'ஸ்காரஸ் பட்டறைலருந்து வந்த, கானாங்கெளுத்தில செஞ்ச காருமோட பூ'ன்னு எழுதியும் வச்சிருக்காரு. பூன்னா முதல் தெளிவு. வந்தவங்க கண்ணுல மொதல்ல படுற எடத்துல தன் தொழில வச்சிருக்காரு பாருங்க, மறைக்கல. கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை அந்த ஊர மூடினதால தான் நாம இத பாக்குறோம், பிளினி செத்ததும் அதே வெடிப்புல தான்.

நம்ம பக்கம் வந்துச்சான்னு கேட்டீங்க. வந்துச்சு. புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டுல 1945ல வீலர்ங்கிற தொல்லியல் அறிஞர் தோண்டினாரு, அப்பறம் 1989லருந்து விமலா பெக்லி குழு தோண்டுச்சு. கிடைச்ச ரோமானிய ஜாடித் துண்டுகள தரம் பிரிச்சு பாத்தப்ப பெரும்பாலும் ஒயின் ஜாடி, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் ஜாடி, அதோட மீன் சாஸ் ஜாடியும் இருந்துச்சு. நம்மாளுங்க ருசி பாத்தாங்களான்னு தான் அடுத்து கேப்பீங்க. ஒயினுக்கு சாட்சி இருக்கு, புறநானூறு 56ல 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்'னு வருது (யவனர்னா கிரேக்க, ரோமானிய ஆளுங்க, தேறல்னா மது). சாஸ பொறுத்தவரைக்கும் துறைமுகத்துல தங்கின யவனங்களுக்கு ஊர் ஞாபகத்துக்கு வந்திருக்கும்னு தான் நான் நினைக்கிறேன், ஏன்னா இங்க கடக்கரைல மீன உப்புல போடுறத யாரும் வெளிய இருந்து வந்து சொல்லிக் குடுக்க வேண்டியது இல்ல. நற்றிணை 45 படிச்சிருக்கீங்களா? தேர்ல வந்த பணக்கார வீட்டு பையன் பரதவர் பொண்ண பாக்க வர்றான், தோழி அவன நிறுத்தி சொல்றா, கொழுத்த சுறாவ அறுத்து காய வச்சு பறவைய வெரட்டிக்கிட்டு இருக்க எங்களுக்கு அழகு எதுக்கு, 'புலவு நாறுதும்; செல நின்றீமோ', மீன் வாடை அடிக்கும், தள்ளி நில்லுங்க! இத அவ கூசிப்போய் சொல்லல. கடைசி வரில 'எம்மனோரில் செம்மலும் உடைத்தே', எங்க ஆளுங்கள்லயும் ஒசந்தவங்க இருக்காங்கன்னு முடிக்கிறா. கருவாடு வறுக்கக் கூடாதுன்னு சொல்ற வீட்டுக்காரங்க முன்னாடி நீங்க தலைய குனிஞ்சிருந்தா, இந்த பொண்ண ஒரு தடவ நினைச்சுக்கோங்கம்மா. எனக்கு இந்த பாட்டு அவ்வளவு பிடிக்கும்.

இப்ப கிடைக்குமான்னா, மேற்கு ரோம் சரிஞ்ச பிறகு அங்க புழக்கம் கொறைஞ்சு போச்சு, கிழக்குல ரொம்ப நாள் இருந்துச்சு, 968ல இத்தாலிலருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு தூது போன லியுத்பிராண்ட் பாதிரியார் விருந்துல மோசமான மீன் தண்ணிய ஊத்தினாங்கன்னு எரிச்சலோட எழுதி வச்சிருக்காரு. இத்தாலில சேத்தாராங்கிற கடலோர ஊர்ல நெத்திலியும் உப்பும் அடுக்கு அடுக்கா மர பீப்பாய்ல போட்டு மேல கனமா கல்லு வச்சு, அடில ஓட்டை போட்டு சொட்டு சொட்டா இறக்குறாங்க, 'கொலத்தூரா'ன்னு பேரு, 2020ல ஐரோப்பால புவிசார் குறியீடு மாதிரி ஒரு அங்கீகாரமும் கிடைச்சுது. அது இங்க கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சா விலை. பேசாம வியட்நாம் நுவோக் மாம் இல்லேன்னா தாய்லாந்து நாம் ப்ளா ஒரு பாட்டில் வாங்குங்க, அதுவும் நெத்திலி, உப்பு, காத்திருப்பு இந்த மூணு தான். பாட்டில மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, மோந்தா வாடை தான். வெந்த கத்திரிக்காய்லயோ முட்டைப் பொரியல்லயோ உப்புக்கு பதிலா அரை ஸ்பூன் விட்டு கிளறுங்க, சூட்டுல வாடை போய் கறிச்சாறு மாதிரி ஒரு ருசி மட்டும் நிக்கும்.

கடைசியா உங்க ஆச்சி விஷயம், எனக்கு கடிதத்துலயே பிடிச்ச எடம் அது தான். உப்புல போட்ட மீன்லருந்து இறங்கி சால் அடில தேங்குற தண்ணி, அது காரும் இல்ல, ஏன்னா அது சதை கரைஞ்சு இறங்கினது இல்ல, உப்பு இழுத்த தண்ணி. ரோமர்கள் அதையும் கீழ ஊத்தல, தனியா ஜாடில அடைச்சு வித்தாங்க. அது தான் மூரியா. விண்டோலாண்டா மளிகைக் கணக்குல இருந்தது உங்க ஆச்சி வடிகட்டி வச்சது தான். நான் தூத்துக்குடி பக்கம் ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டுப் பாத்தேன், 'மீன் தண்ணி'ன்னு பொதுவா தான் சொல்றாங்க, தனிப்பேரு எனக்கு மாட்டல. ஆச்சி இருக்காங்கன்னா, அந்த தண்ணிய என்ன பேர் சொல்லி எடுத்துட்டு வரச் சொல்வாங்கன்னு கேட்டு ஒரு வரி எழுதுங்கம்மா. எத்தன நாள் வச்சிருப்பாங்க, எந்த மீனோட தண்ணிய மட்டும் எடுப்பாங்கன்னும் சேத்து கேளுங்க.