மூன்றாவது ஞாயிறு படகு பேட்டரி ஏன் உட்கார்ந்துவிடுகிறது?

மும்பை முலுண்டில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரும் செம்பூரில் இருக்கும் மச்சானும் சேர்ந்து 18 அடி ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறார்கள். படகின் பின்னால் வெளியே மாட்டும் 40 எச்பி அவுட்போர்டு எஞ்சின், 70 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது ஆம்பியரை மணியால் பெருக்கிய அளவு) பேட்டரி. படகு அப்போலோ பந்தர் பக்கம் தண்ணீரிலேயே, மூரிங்கில் (நிலையான மிதவையில்) கட்டி நிற்கிறது, அங்கே கரண்ட் வசதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாண்ட்வா திசையில் போய் நங்கூரம் போட்டு, மதியம் வரை தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். இரண்டு வாரம் ஓடும். மூன்றாவது ஞாயிறு சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது பேட்டரியும் படுத்துவிட்டது. “இன்னும் பெரிய பேட்டரி வாங்கட்டுமா? இல்லை, வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியையே கொண்டுபோய் வைக்கலாமா?” என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். உங்கள் பேட்டரி தானாகக் கெடவில்லை. வரவை விடச் செலவு அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். பெரிய பேட்டரி போட்டால் மூன்றாவது வாரம் நடப்பது ஐந்தாவது வாரம் நடக்கும்.

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துத் தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். பாட்டுப் பெட்டி அணைத்திருந்தாலும் அதன் மெமரிக்காக 0.05 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு 1.2 ஏஎச், வாரத்துக்கு எட்டுக்கு மேல். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்ப் 3 ஆம்பியர் இழுக்கும். தினமும் மொத்தமாக அரை மணி நேரம் ஓடினாலே வாரத்துக்கு 10 ஏஎச். ஆக, நீங்கள் படகில் கால் வைப்பதற்கு முன்பே 19 ஏஎச் போய்விடுகிறது. அப்புறம் நங்கூரம் போட்டிருக்கும் மூன்று மணி நேரம் பாட்டு, மீன் இருக்கும் இடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ எல்லாம் சேர்ந்து இன்னொரு 15.

வரவு எவ்வளவு? 40 எச்பி எஞ்சின்கள் பெரும்பாலும் 15 முதல் 18 ஆம்பியர் வரை கொடுக்கக்கூடியவை. அது முழு வேகத்தில். துறைமுகத்துக்குள் மெதுவாக ஓட்டும்போது பாதிகூட வராது. போக வர ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரிக்குள் சேர்வது 10 ஏஎச் அளவுதான். வாரத்துக்கு 34 செலவு, 10 வரவு. 70 ஏஎச் பேட்டரி முதல் ஞாயிறு முடியும்போது 46-க்கு வரும், இரண்டாவது ஞாயிறு 22-க்கு. நடுவில் வரும் வாரம் இன்னொரு 19 தின்றுவிடுகிறது. மூன்றாவது ஞாயிறு ஏன் செல்ஃப் எடுக்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதில் எனக்குக் கவலை தருவது பாட்டுப் பெட்டி இல்லை, பம்ப்தான். பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று சிலர் மெயின் சுவிட்சோடு பம்பையும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆளில்லாத படகு மூழ்காமல் இருப்பது அந்தப் பம்பால்தான். அதன் இணைப்பு மெயின் சுவிட்சைத் தொடாமல், தனி பியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். நாம் குறைக்க வேண்டியது உள்ளே வரும் தண்ணீரை. அடிப்பக்க வடிகால் அடைப்பானின் ரப்பர் வளையம் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். படகின் உடம்பில் போல்ட் போட்ட இடங்களில், ஒரு வாரம் கழித்துத் துணியால் ஒற்றி எடுத்தால் ஈரம் தெரியும். மழைத்தண்ணீருக்குக் கூடாரம் போல் உயர்த்திக் கட்டிய தார்ப்பாய் போதும். பம்பின் மிதவை சுவிட்சில் தூண்டில் நரம்பும் பிளாஸ்டிக் துண்டும் சிக்கினால் தண்ணீர் இல்லாமலே பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். மிதவையைக் கையால் தூக்கி விடுங்கள், தானாகக் கீழே விழ வேண்டும்.

அடுத்து, மின்சாரக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரிப் பெட்டியைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், பெட்ரோல் வாசனை இருந்தால் அது போகும்வரை காத்திருங்கள். எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி வையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது, பம்பும் ஓடக் கூடாது. ஏதாவது எண் காட்டினால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அங்கேதான் ஓட்டை.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, கறுப்பு முனையை நெகட்டிவ் டெர்மினலில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் பேட்டரியின் பிளாஸ்டிக் மேல்பகுதியைத் தடவுங்கள். சுத்தமான பேட்டரியில் ஒன்றும் காட்டாது. உப்புக் காற்றில் கிடந்த பேட்டரியில் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டும். அந்த அழுக்குப் படலமே இரவும் பகலும் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்துங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகக் கூடாது.

வரவைக் கூட்ட உங்களுக்கு இருக்கும் நல்ல வழி சோலார். 20 வாட் பேனல் ஒன்று, கூடவே பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். மும்பை வெயிலில் நாளுக்கு 5 ஏஎச் அளவு எதிர்பார்க்கலாம், வாரத்துக்கு 35. உங்கள் மொத்தச் செலவு அதற்குள் அடங்கிவிடுகிறது. கயிற்றின் நிழலோ காக்கை எச்சமோ பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி நிறையக் குறையும், ஏறும்போதெல்லாம் துடைத்துவிடுங்கள்.

காசு இருந்தால் செல்ஃபுக்கு ஒரு பேட்டரி, பாட்டுக்கும் ரேடியோவுக்கும் இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, நின்றதும் தானாகப் பிரிக்கும் ரிலே கிடைக்கிறது. கையால் திருப்பும் சுவிட்ச் போட்டால், எஞ்சின் ஓடும்போது அதை ‘ஆஃப்’ வழியாகத் திருப்பாதீர்கள். சார்ஜிங் பகுதி எரிந்துபோகும்.

இன்வர்ட்டர் பேட்டரிக்கு வருகிறேன். வீட்டில் வைக்கும் 150 ஏஎச் டியூபுலர் 50 கிலோவைத் தாண்டும். அதைப் பின்பக்கம் வைத்தால் 18 அடி படகு ஒரு பக்கம் அழுந்தும். மெதுவாக, நீண்ட நேரம் கொடுப்பதற்காகச் செய்தது அது, செல்ஃப் அடிக்கும் ஒரு நொடியில் நிறையக் கொடுப்பதற்காக அல்ல. அலையில் குதிக்கும்போது அமிலமும் தளும்பும். படகுக்கென்று விற்கும் பேட்டரியே வாங்குங்கள், பெட்டியில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டுங்கள்.

ஆனால் புதிது வாங்கும் முன் இருப்பதைச் சோதியுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து முழுக்க சார்ஜ் செய்து, ஒரு இரவு விட்டுவிட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பாதி சார்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், உங்கள் முதல் பேட்டரி அநேகமாக இப்படித்தான் போயிருக்கும். திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால் சார்ஜ் ஏறிய பிறகு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் கூடாது.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் திணறினால் ஒயரைப் பாருங்கள். லோஹார் சால் மின்சாமான் கடைத்தெருவில் வாங்கிய சாதாரண வீட்டு ஒயரைப் போட்டிருந்தால், முனையில் இரண்டு அங்குலம் உறையைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளக்காமல் கறுத்து, பச்சைப் பொடி உதிரும். வெள்ளீயம் பூசிய படகு ஒயர் விலை கூடத்தான், ஆனால் உப்பில் அதுதான் நிற்கும். மச்சானைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலும் ஸ்டார்ட்டரின் பாசிட்டிவிலும் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் ஏதோ இணைப்பு பழுது.

படகில் சொந்த பேட்டரியுள்ள கையடக்க விஎச்எஃப் ஒன்று இருக்கட்டும், அவசர அழைப்புக்கான சேனல் 16-இல். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, இருவர் ஃபோனிலும் பதிந்துகொள்ளுங்கள். நாவா ஷேவா துறைமுகத்துக்குப் போகும் கப்பல் வழியில் எஞ்சின் நின்றால், நீரோட்டம் இழுத்துப் போகும் முன் நங்கூரத்தைப் போட வேண்டும், அதை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஜூனில் படகைக் கரையேற்றும்போது பேட்டரியைப் படகில் விடாதீர்கள். முழு சார்ஜோடு வீட்டில் வையுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பார்கள், இன்றைய பிளாஸ்டிக் உறைக்கு அது பொருந்தாது. மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்குக் கீழே போனால் மறுபடி சார்ஜ் போடுங்கள்.