வடிவம் மாறும் பாலிமர் துகள் என்றால் துகள்கள் ஒட்டிக் கட்டியாவதுதானே?

சூடோ அமிலமோ பட்டால் பாலிமர் துகள் வடிவம் மாறும் என்கிறார்களே, அது ரப்பர் பால் உறைவது போலத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவல்ல. ஆனால் இரண்டுக்கும் ஒரு சொந்தம் உண்டு.

எங்களுக்கு அருமனை பக்கம் வீடு, பனச்சமூடு தாண்டினால் கேரளம். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். சிரட்டையில் வடியும் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள்தான். துகளைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த உறை. அதன் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிவிடும். ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் அந்த மின்னூட்டம் அடங்கிவிடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். "பாத்து ஊத்து மக்களே, கூடிப்போனா ஷீட் கெட்டுப்போவும்" என்பார் அப்பா.

நீங்கள் கேட்கும் துகள் தனியாகவே உருமாறும். 2010இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் சமீர் மித்ரகோத்ரியின் ஆய்வுக்குழு இதைச் செய்துகாட்டியது. எடுத்துக்கொண்ட பொருள் பிஎல்ஜிஏ, உடம்பில் தானாகக் கரையும் தையல் நூலில் இருக்கிற அதே வகைப் பாலிமர். உருண்டைத் துகள்களை ஒரு பிளாஸ்டிக் படலத்துக்குள் பதித்து, இளக்கி, படலத்தைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே இருந்த துகள்களும் நீண்டு தட்டையாயின. இறுகியபின் படலத்தைக் கரைத்துத் துகள்களைப் பிரித்தெடுத்தார்கள்.

இறுகியிருக்கும்வரை நீள்வட்டம் அப்படியே நிற்கும். சூட்டில் இளகினால் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை, அதை உருண்டையாக்கிவிடும், இலைமேல் தண்ணீர் முத்தாகத் திரள்கிற மாதிரி. அமிலத்தாலும் இது நடக்கும். என்னை அசரவைத்தது அதுதான். துகளின் மேற்பரப்பில் மின்னூட்டம் இருக்கும்போது பரப்பு இழுவிசை குறைவு. அமிலம் அந்த மின்னூட்டத்தை அடக்கியதும் இழுவிசை கூடி, துகள் உருண்டையாகிறது. அப்பா ஊற்றுகிற ஆசிட் செய்வதும் இதே வேலைதானே! அங்கே ஒட்டவைக்கிறது, இங்கே உருண்டையாக்குகிறது.

பயன் மருத்துவத்தில். ரத்தத்தில் அந்நியத் துகள் வந்தால் விழுங்கும் பெருவிழுங்கு செல்கள், அந்த நீள்வட்டத் தட்டுகளை விழுங்க முடியாமல் திணறின, உருண்டையானதும் விழுங்கிவிட்டன. மருந்தேற்றிய துகளை அவற்றிடமிருந்து காத்து, வேண்டிய இடத்தில் மட்டும் உருமாற வைக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள், இந்தத் துகளுக்கு இது ஒருவழிப் பயணம். குளிரவைத்தாலும் பழைய நீள்வட்டம் திரும்பாது, மறுபடியும் படலத்தில் வைத்து இழுக்கத்தான் வேண்டும்.